லிஃப்ட் மாமாவைப் பற்றி நான் சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் கடை ஷட்டரைத் தூக்குகிறேன். எனக்கு முட்டிவலி பழையபடி, சுகர் கட்டுக்குள் இருக்கிறது, கண்ணாடி மாற்றிவிட்டேன், ஊசியில் நூல் கோர்க்க இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். போனில் நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நீ குறுக்கே பேசினால் நான் அழுதுவிடுவேன், கடைசியில் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு. உன் மாமா இப்போது உள்ளே இருக்கிறான். ஜெயிலில். நீ கேள்விப்பட்டது உண்மைதான், அவன் உள்ளே போகக் காரணம் உன் அம்மாதான். இந்த வாரமோ அடுத்த வாரமோ உன் அத்தை உனக்குப் போன் செய்து ஒரு காரியம் கேட்கப் போகிறாள், அதற்குள் என் வாயால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாடி டீச்சர் லிஃப்ட் குழியில் விழுந்து போய்ச் சேர்ந்ததை அன்றைக்கே சொன்னேன், நீயும் அழுதாய். உனக்குக் கணக்கு மண்டையில் ஏறாமல் நான் தலையில் அடித்துக்கொண்ட காலத்தில் ஒரு பைசா வாங்காமல் சொல்லிக் கொடுத்த மனுஷி. நான் சொல்லாமல் விட்டது, அவர் அந்த நேரத்தில் ஏன் கீழே வரப் புறப்பட்டார் என்பதை. ஜன்னல் கர்ட்டன் நீளமாக இருக்கிறது, தரையில் புரண்டு அழுக்காகிறது, வெட்டித் தைத்துக் கொடு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். காலையில் எனக்குக் கை சும்மா இருந்தது. கொண்டு வாங்க டீச்சர், இப்பவே முடிச்சுக் கொடுத்துடறேன் என்று நான்தான் போன் செய்து கூப்பிட்டேன். அவர் அத்தனை கர்ட்டனையும் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் மறைகிற அளவுக்குத் துணி, முழங்கையால் லிஃப்ட் கதவை இழுத்திருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. லிஃப்ட் அங்கே இல்லை. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். என் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழி, உனக்குத் தெரியும்.

நம் கட்டடத்தில் இருக்கிற மாதிரிப் பழைய லிஃப்டில் கதவுக்கு ஒரு பூட்டு உண்டு. லிஃப்ட் அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் கதவு திறக்கும், கதவு ஒழுங்காகப் பூட்டிக்கொண்டால்தான் லிஃப்ட் நகரும். மூன்றாம் மாடிப் பூட்டு தேய்ந்து போயிருந்தது. கதவு சரியாகப் பூட்டாததால் லிஃப்ட் பாதி வழியில் நின்று நின்று, ஆறாம் மாடிக்காரர் தினமும் லிஃப்டைப் பராமரிக்கிற உன் மாமாவைப் போனில் பிய்த்து எடுத்தார். பூட்டு மாற்றும் வரை லிஃப்டை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒரு சின்ன ஒயரைப் போட்டுப் பூட்டை ஏமாற்றிவிட்டால், கதவு பூட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லிஃப்ட் பாட்டுக்கு ஓடும். கதவு மட்டும் யார் இழுத்தாலும் திறக்கும். யாரோ அப்படி ஒரு ஒயர் போட்டிருந்தார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் கேஸ்.

அன்று காலை லிஃப்டில் ஃபேன் மாற்ற ஒரு மெக்கானிக் வந்திருந்தான். மாமாவிடம் புதிதாகச் சேர்ந்த ஆள், நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மோட்டார் அறைச் சாவி வரும் வரை என் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். என் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, லிஃப்டுக்கு நிற்கிறவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே அளந்து முடித்துவிடுவேன், டேப் எடுக்க வேண்டாம். இவருக்கு மார்பு முப்பத்தெட்டு, இவள் பேரம் பேசுவாள், இவன் வாங்கிய பேன்ட்டை மறுபடியும் பிரிக்கச் சொல்லி வருவான் என்று. நீயும் நானும் இதை விளையாட்டாகவே வைத்திருந்தோம், முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். அவனையும் அப்படித்தான் பார்த்தேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தான், நடக்கும்போது தள்ளாடினான். நடையில் பேன்ட் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இரண்டு மடிப்பும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், பேன்ட்டைக்கூட ஒழுங்காகத் தைத்துப் போடத் துப்பில்லாத குடிகாரன் என்று மனசுக்குள் முடித்துவிட்டு, குனிந்து என் வேலையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம்தான் ஆயிற்று எனக்கு.

டீச்சர் விழுந்த பிறகு கட்டடமே வாசலில் கூடிவிட்டது. அவன் மொட்டை மாடியில் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு, சத்தம் கேட்டுப் படி வழியாக ஓடி வந்தான், அதே தள்ளாட்டத்தோடு. கட்டடச் சங்க செக்ரட்டரி அவன் சட்டையைப் பிடித்தார். அதுவரை இழுபறிதான், யாரும் கை வைக்கவில்லை. நான் என் கடை வாசலில் நின்று, இவன் காலையிலேயே தள்ளாடிக்கிட்டுத்தான் வந்தான், நல்லாக் குடிச்சிருந்தான், நான் பார்த்தேன் என்று கத்தினேன். அதற்குப் பிறகு அடித்த அடி இருக்கிறதே, நாலைந்து பேர், படித்தவர்கள், ஆபீஸ் பையோடு நின்றவர்கள். ஒருத்தர் குடையால் அடித்தார். நான் தடுக்கவில்லை. சொல்லப்போனால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, யாரோ ஒருத்தன் கையில் கிடைத்துவிட்டானே என்று. போலீஸ் வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். வாசனை வந்ததா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். வந்தது என்றேன். நான் அவன் பக்கத்தில் போகவே இல்லை.

மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லையாம். நேரம் கடந்து எடுத்ததால் அது கணக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள், கட்டடத்தில் எல்லோரும் தலையாட்டினோம். நீயும்தான். பேப்பரில் வந்த அவன் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, பார்த்தாலே தெரியுதும்மா, ரவுடி மூஞ்சி என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நானும் ஆமாம் என்றேன். ஆனால் அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். இடது கண் மூடியிருக்கும், உதடு தடித்திருக்கும். அது நம் கட்டடத்துக்காரர்கள் அடித்த அடி. அடிபட்ட முகத்தைப் பார்த்து நாம் ரவுடி முகம் என்றோம்.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதி. லிஃப்டைச் சோதிக்க வந்த அதிகாரி, பூட்டில் ஒயர் போட்டிருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மாமா அங்கேயே நின்று, புது ஆள் சார், அன்னைக்குக் காலையில அவன்தான் ஏதோ பண்ணியிருக்கணும் என்றான். ஒயர் என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஏனென்றால் அதற்கு நாலைந்து வாரம் முன்னால், என் கடையில் பின் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே உன் மாமா சொன்னான், மூணாம் மாடிப் பூட்டு தேஞ்சு போச்சுக்கா, ஒரு ஒயரைப் போட்டு ஓட்டி வச்சிருக்கேன், அந்த ஆறாம் மாடியான் வாயை அடைக்க வேற வழியில்லை, பூட்டு வந்ததும் பார்த்துக்கலாம் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா, பார்த்துடா என்றேன். அவ்வளவுதான். டீ ஆறுது குடி என்றேன். அவன் இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவன் என்பது எனக்கு இன்று நேற்றா தெரியும், கூடப் பிறந்தவள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தடவை லிஃப்ட் கதவில் ஒரு அம்மாவின் விரல் நசுங்கியபோதும் அது அந்தம்மாவின் கவனக்குறைவு என்றுதான் சொன்னான், நானும் நமக்கெதுக்கு என்று விட்டேன். உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் சுமந்துகொண்டு மாடி மாடியாக லிஃப்டில் ஏற்றி இறக்கிய தம்பியை நான் எப்படி ஒன்று சொல்வேன். ஆகவே அதிகாரி ஒயர் என்றதும் நான் எனக்குள்ளேயே அவசரமாக ஒரு கதை கட்டினேன், தம்பி அதை எப்போதோ எடுத்திருப்பான், இந்தக் குடிகாரன்தான் மறுபடி போட்டிருப்பான் என்று. முன்பின் தெரியாதவனைப் பற்றி ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது எனக்கு. கூடவே வளர்ந்தவனைப் பற்றித் தெரிந்ததை மட்டும் தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

அப்படியே போயிருக்கும். ஒரு மதியம் ஒரு பெண் கடை வாசலில் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கட்டுமா அம்மா என்றாள். மெக்கானிக்கின் மனைவி. அவன் கருவிப் பை மோட்டார் அறையில் கிடக்கிறது, அதை வாங்க வந்தவளை ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு மாடியும் ஏறி இறங்கியிருக்கிறாள், லிஃப்டுக்குத்தான் சீல் வைத்துவிட்டார்களே. நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். கையில் ஒரு பேன்ட் வைத்திருந்தாள், கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது போட்டுக்கொள்ளக் கொடுக்க வேண்டுமாம், மடிப்பைக் கொஞ்சம் அழுத்தித் தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். விரித்துப் பார்த்தேன். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. என் வாய் சும்மா இருக்காதே, இதென்னம்மா கோணலா மடிச்சிருக்கே என்றேன். அவள் சிரித்தாள். கோணல் இல்லீங்க, அவருக்குப் பிறவியிலேயே ஒரு கால் கட்டை, சரியா அளந்துதான் நான் மடிப்பேன், நின்னா ரெண்டும் சமமா இருக்கும், நடந்தாத்தான் ஏறி இறங்கும் என்றாள். கண்ணைப் பற்றியும் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. லிஃப்ட் குழியில் தூசி விழுந்து கண் வீங்கி, சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் அன்று வேலைக்குப் போனாராம். கண்ணால் அளக்கிறேன் என்று இந்த ஊர் பூராவும் பீற்றிக்கொண்ட தையல்காரி நான், இரண்டு மடிப்பும் சேரவில்லை என்பதைப் பார்த்தேன், ஏன் சேரவில்லை என்று ஒரு தடவை காலைப் பார்க்கவில்லை. துணி விஷயத்தில் நான் எவ்வளவு உஷார் தெரியுமா உனக்கு. உள்ளே தாராளமாகத் துணி விட்டு வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, ஆளை வரச்சொல்லிப் போட்டுப் பார்த்த பிறகுதான் மிஷினில் வைப்பேன். தப்பானால் பிரித்துக்கொள்ளலாம் என்று. ஒரு ஆளைப் பற்றிச் சொல்லும்போது அந்த வசதியைக்கூட நான் அவனுக்கு விடவில்லை.

போகும்போது அவள் சொன்னதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. கீழ்க் கடையில யாரோ ஒரு அம்மா அவர் குடிச்சிருந்தார்னு சொல்லிட்டாங்களாம், அவர் தொட்டதே இல்லைம்மா, இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் உட்காரச் சொன்னீங்க, உங்களைப் பார்த்தாலே நல்லவங்கன்னு தெரியுது, அது யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா, அவங்க கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன் என்றாள். இந்தக் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் வேறு பெண் யார் கடை வைத்திருக்கிறாள், சொல். தண்ணீர் கொடுத்த என் கையையும் நரைத்த தலையையும் பார்த்து அவளும் ஒரு நொடியில் முடிவுக்கு வந்துவிட்டாள். நான் விசாரிச்சுச் சொல்றேன்மா என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். கோழை.

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன். உன் அத்தையைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவனிடம் நேராகக் கேட்டேன். முதலில் ஞாபகம் இல்லை என்றான், பிறகு எடுத்துட்டேன்னு நினைச்சேன் என்றான், பிறகு தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். நான் இத்தனை நாளில் இதையும் யோசித்துத்தான் பார்த்தேன், அவன் டீச்சரைக் கொல்ல நினைத்தானா, இல்லை. டீச்சருக்காக அவன் அழுதது நடிப்பா, அதுவும் இல்லை. அவனிடம் பூட்டு இல்லை, ஆறாம் மாடிக்காரர் உயிரை எடுத்தார், எல்லாம் உண்மைதான். ஒயர் போட்டது சோம்பல், அலட்சியம் என்று நான்கூடப் பாதி மன்னித்திருப்பேன். ஆனால் டீச்சர் போன பிறகு, அடிபட்டுக் கிடந்த ஒருத்தனைப் பார்த்துக்கொண்டே அவன்தான் என்று கை காட்டினான் பார், அதை நின்று நிதானித்துத்தான் செய்திருக்கிறான். தினமும் காலையில் எழுந்து தினமும் செய்திருக்கிறான். நீயே போய்ச் சொல்லிடு, நான் கூட வர்றேன் என்று கெஞ்சினேன். அவன் சொன்னது, அக்கா, அவன் யாரோ, நான் உன் தம்பி. அதைச் சொல்லும்போது அவன் கோபப்படவில்லை, அது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்கிற மாதிரி சொன்னான்.

செக்ரட்டரியிடம் போனேன், நீங்களும் கூட வாங்க என்று. அந்த மனுஷன் சோபாவில் சாய்ந்துகொண்டு, எதுக்கும்மா, யாரையும் தப்பு சொல்ல நாம யாரு, எந்தச் சூழ்நிலையில என்ன பண்ணினாரோ, மத்தவங்களுக்குத் தீர்ப்பு சொல்ல நமக்குத் தகுதி இல்லை, விட்டுடுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். அந்தக் கால் ஊனமானவரை நீங்க சட்டையைப் பிடிச்சு இழுத்தப்ப இந்த ஞானமெல்லாம் எங்க போச்சு சார், மாடியில காயப் போட்டிருந்தீங்களா என்று கேட்டுவிட்டு வந்தேன். தெரியாத ஆளை அடிக்க ஒரு பார்வை போதும், தெரிந்த ஆள் என்றால் நாம் யார் தீர்ப்புச் சொல்ல. இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்தான், மகளே. எதுவும் தெரியாதபோது வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும், தெரிந்த பிறகு வாய் திறந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாம் சொன்னேன். வாசனை வந்தது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன், அதற்கு என்மேலும் கேஸ் வரலாம் என்றார் இன்ஸ்பெக்டர், வரட்டும். மாமாவைக் கூட்டிப் போனார்கள். மெக்கானிக் வெளியே வந்துவிட்டார். அவரை அவர் என்று எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று பார். ஒரு காது கேட்கவில்லை அவருக்கு, அடியில் போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். லிஃப்ட் வேலைக்கு இனி யாரும் எடுக்க மாட்டார்கள், கேஸில் அடிபட்ட பெயர். அவர்கள் வீட்டுக்குப் போய், அந்த அம்மா நான்தான் என்று மனைவியிடம் சொன்னேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அன்னைக்கே உங்ககிட்டதானே கேட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்காத காது என் பக்கம் இருந்ததா, கேட்டும் திரும்பவில்லையா, தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மாமாவைப் பார்க்கப் போனேன். இரண்டு தடவை வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினான், மூன்றாம் தடவை வந்தான். தாடி விட்டிருக்கிறான், சட்டை தோளில் தொங்குகிறது, அளவு ஒன்று குறைந்துவிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, சாப்டியாக்கா என்று கேட்டான். நான் ஆமாம் என்று பொய் சொன்னேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கோர்ட்டில் கூப்பிட்டால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சொல்லத்தான் போகிறேன், வாரா வாரம் அவனைப் பார்க்கவும் போகத்தான் போகிறேன். இது எப்படி ஒத்துப்போகும் என்று கட்டடத்தில் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை, ஆனால் இரண்டில் ஒன்றை விட முடியவில்லை.

இனி நீ. அத்தை என்னோடு பேசுவதில்லை, அவளைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் படுகிற பாடு அப்படி. வக்கீல் அவளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். அம்மாவுக்குக் கொஞ்ச காலமாக ஞாபக மறதி, நடந்ததையும் நடக்காததையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள், சர்க்கரை ஏறி இறங்கும்போது தடுமாறுகிறாள் என்று பெற்ற மகள் நீ சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், டீ குடிக்கும்போது சொன்னான் என்ற என் பேச்சு நிற்காது. மாமா வெளியே வந்துவிடுவான், பழி பழைய இடத்துக்கே போய்விடும். பெரிய பொய்கூட இல்லை, போன வருஷம் உன் பிறந்தநாளை நான் மறந்தது உண்மைதானே, அதை வைத்தே கேட்பாள். அழுவாள். உன்னைத் தோளில் சுமந்ததைச் சொல்லுவாள், அதுவும் உண்மை. நான் உன்னை இப்படிச் செய் என்று சொல்லப்போவதில்லை, அது உன் கையெழுத்து. போனை எடுத்ததும் பதில் சொல்லிவிடாதே, அதுதான் நான் கேட்பது. மாமாவை நினைத்துக்கொள், என்னையும் நினைத்துக்கொள், நீ படத்தில் மட்டும் பார்த்த அந்த மனுஷனையும் பக்கத்தில் உட்கார வைத்து நினைத்துக்கொள். அதற்குப் பிறகு நீ எந்தப் பக்கம் சொன்னாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும்.

குளிர் அதிகம் என்றாய், பயலுக்குக் காதை மூடித் தொப்பி போடு, அளவு அனுப்பினால் நானே தைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யார் பழியும் சேராமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். எனக்காகக் கவலைப்படாதே. எனக்கு மறதி ஒன்றும் இல்லை கண்ணு, அப்படி இருந்தால்தான் தேவலை என்று இருக்கிறது. எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அம்மா